பேட்டரியைக் குடித்த சிவப்பு வயர்

ஒருவனுக்கு மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும், அன்றிலிருந்து அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான். ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக டெஸ்ட் டெக்னீஷியன் நான். பெயரைக் கேட்டுப் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ட்டில் வரும் சர்க்கியூட் பலகையின் மேல் இரண்டு ஊசிகளை வைப்பேன். திரையில் பச்சை வந்தால் பலகை வலது பக்கம் போகும், சிவப்பு வந்தால் இடது பக்கம். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் மின்சாரத்துக்கு நான்தான் மந்திரி. அக்கா வீட்டு ரைஸ் குக்கர், பக்கத்து வீட்டு வாசல் மணி, மாமியார் வீட்டு மின்விசிறி, எதையும் விட்டுவைத்ததில்லை. (அந்த ரைஸ் குக்கரில் பிறகு சோறு வேகவில்லை. அது வேறு கதை.)

இந்த லட்சணத்தில்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் காரில் கை வைத்தேன்.

அப்பா துறைமுகக் கிடங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "ஏய்", "இந்தா", "அங்க யாரு" என்று மூன்றே வார்த்தைகளில் நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தை முடித்தவர். அம்மாவுக்கு முதலில் சர்க்கரை வந்தது. அது கண்ணைக் கெடுத்தது, பிறகு சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஐந்து வருடம், வாரத்துக்கு மூன்று நாள், ரத்தம் சுத்திகரிக்க டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. அத்தனை நாளும் அப்பாதான் தன்னுடைய இருபத்தேழு வருடத்துக் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். நான் ஷிப்டு வேலைக்காரன். என் கணக்குக்கு மொத்தமே நாலைந்து தடவை கூட்டிப் போயிருப்பேன். அதுவும் வழியெல்லாம் மணி பார்த்துக்கொண்டே.

அம்மா போய்ச் சேர்ந்தபின் அந்தக் கார் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நின்றுவிட்டது. அப்பா எப்போதாவது ஒரு நாள் சாவியைத் திருகுவார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. நான் என் காரிலிருந்து வயர் கொடுத்து உயிர்ப்பிப்பேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் 'டிக்'.

ஆனாலும் அப்பா தினமும் சாயங்காலம் அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கதவைச் சாத்திக்கொண்டு, அரை மணி நேரம். "என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டால், "காடியச் செக் பண்றேன்" என்பார். (மலாய் கலந்து பேசும் எங்கள் ஊரில் கார் என்பது காடிதான்.) ஓடாத காரில் தினமும் என்ன செக் பண்ணுகிறார் என்று நானும் என் மனைவியும் சமையலறையில் சிரித்துக்கொள்வோம்.

அம்மாவின் முதல் வருடத் திதி நெருங்கியது. பட்டர்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கும் என் அக்கா மல்லிகா வந்து, எங்களையும் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்து உத்தரவு போட்டாள்.

"அப்பா, திதிக்கு அம்பது பேர் வருவாங்க. போர்ச்சுலதான் மேச நாக்காலி போடணும். இந்தக் காடிய என்ன செய்யப் போறீங்க?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் அப்பா.

"இருக்கட்டும்னா? ஓடுனா ரோட்டோரம் நிறுத்தலாம். ஓடலன்னா? ஒரு வருஷமா இத பாத்துப் பாத்து எனக்குப் பொறுக்கல, தாஹான் பண்ண முடியலப்பா. திதிக்கு மொத நாள் பழைய இரும்புக்காரன வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஓடிச்சுன்னா வெச்சுக்கோங்க. இல்லன்னா தூக்கிட்டுப் போயிருவான்."

அப்பா கையிலிருந்த செய்தித்தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். அதற்கு மேல் அது மடியவில்லை. அந்த நிமிடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"இரும்புக்காரனும் வேணாம் ஒருத்தனும் வேணாம். நான் சரி பண்றேன்."

"நீயா?" என்றாள் அக்கா. அவள் மனக்கண்ணில் ரைஸ் குக்கர் வந்து போனது எனக்கே தெரிந்தது.

"ஏன்? டெக்னீஷியன்லா நான்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒனக்கு எதுக்குய்யா சிரமம்," என்றார். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை புது பேட்டரி போட்டேன். புதன்கிழமை கார் 'டிக்' என்றது. அப்படியானால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கார் அணைந்து கிடக்கும்போதும் ஏதோ ஒன்று பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பழைய கார்களில் சகஜமான கோளாறுதான். மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் குணா அண்ணனுக்குப் போன் செய்தேன். முப்பது வருடமாகக் கார் வயரிங் பார்ப்பவர், எங்களுக்குக் குடும்ப நண்பர்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பழைய காடிதானேண்ணே. எப்பவும் இப்படித்தான்."

"அப்படிச் சொல்லாத. எப்ப ஆரம்பிச்சிச்சுன்னு நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுலதான் பாதி விஷயம் இருக்கு. யாராச்சும் தனியா வயர் கியர் இழுத்திருக்காங்களா? அப்பாவக் கேட்டியா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேண்ணே. எங்கிட்ட மீட்டர் இருக்கு."

"ஓ... மீட்டர் இருக்கா," என்றார் குணா அண்ணன். நானும் அதைப் பாராட்டு என்றே நினைத்துப் போனை வைத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தொழிற்சாலையில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். ஒரு பலகை நேற்றுவரை ஓடி இன்று நின்றதா? அப்படியானால் நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேள், பிறகு ஊசியை எடு. இதை ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில்கூட ஒட்டியிருக்கிறேன்.

பெயருக்கு அப்பாவையும் கேட்டேன். "ப்பா, இந்தக் காடியில நீங்க தனியா ஏதாச்சும் வயர் போட்டீங்களா?"

அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். "இல்லையே." இன்னொரு பக்கத்தையும் திருப்பிவிட்டு, "அவ இருந்த வரைக்கும் இந்தக் காடி ஒரு நாளும் நின்னதில்ல," என்றார்.

மனைவியை இழந்த மனிதர் ஏதோ ஏக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, "ம்ம்" என்றேன். இந்தக் கோளாறைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே சரியான தகவல் அதுதான். அதைத்தான் காதில் வாங்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இரண்டாவது வாரம் டேஷ்போர்டைக் கழற்றினேன். ஸ்டீயரிங்கைச் சுற்றியிருந்த மூடி, ரேடியோ, மீட்டர் பெட்டி, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பகல் ஒரு மணிக்குப் போர்ச்சைப் பார்த்தவர்கள், காரை விற்கிறோமா கூறு போடுகிறோமா என்று கேட்டிருப்பார்கள். இடது பக்கம், முன் இருக்கைக்கு நேராக உள்ள சின்னப் பெட்டியின் மேல் கை வைத்தபோது மட்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

"அதத் தொடாத. லாக் ரொசாக்கு, கெட்டுப் போச்சு. தொறந்தா மூடாது."

"சரிப்பா, சரிப்பா," என்று விட்டுவிட்டேன். ஏற்கெனவே கழற்றிய முப்பத்தாறு சாமான்களை எப்படித் திரும்பப் பூட்டுவது என்ற கவலையே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒருவழியாக எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது நான்கு ஸ்க்ரூ மிச்சம். (கம்பெனிக்காரன் தேவைக்கு அதிகமாகப் போட்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.) காரை ஸ்டார்ட் செய்து இடது சிக்னல் போட்டேன். வைப்பர் ஆடியது. வலது சிக்னல் போட்டேன். ரேடியோ பாடியது. பிரேக்கை மிதித்தேன். டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் மங்கலாக எரிந்து, ஹார்ன் ஈனஸ்வரத்தில் முனகியது. எதிர் வீட்டுச் சீனக் கிழவர் தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு முழுதாகப் பார்த்தார்.

மறுபடியும் குணா அண்ணனுக்குப் போன். அவர் இரண்டு நிமிடம் சிரித்தார். பிறகு, "எர்த் ஸ்க்ரூ ஒண்ண மாட்டாம வுட்டிருக்க தம்பி. கரண்டு திரும்பிப் போற வழி தெரியாம கெடச்ச பக்கமெல்லாம் பூந்து ஓடுது. ஸ்டீயரிங்குக்குக் கீழ பாரு," என்றார். பார்த்தேன். ஒரு கறுப்பு வயர் அநாதையாகத் தொங்கியது. மிச்சமிருந்த நான்கில் ஒன்றை அங்கே முடுக்கினேன், எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. மற்ற மூன்று ஸ்க்ரூ எங்கே போகவேண்டும் என்பது இன்றுவரை தெரியாது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. திதிக்குப் பதினொரு நாள் இருந்தது. அன்றைக்குத்தான் முறைப்படி வேலை செய்தேன். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தேன். கார் முழுக்க அணைந்து கிடக்கிறது, மீட்டரோ கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடுகிறது என்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குகூட ஓடக்கூடாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன். முதல் ஃபியூஸ், இறங்கவில்லை. ஐந்தாவது, இல்லை. பதினைந்தாவது, இல்லை. கடைசி ஃபியூஸையும் பிடுங்கிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்துவிட்டேன். எண் அசையவில்லை.

வியர்த்துக் கொட்டியது. எந்த ஃபியூஸ் வழியாகவும் போகாமல் எங்கே போகும்? பேட்டரியின் பிளஸ் முனையைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தேன். பெரிய வயருக்கு அடியில், நூல் மாதிரி மெல்லிய சிவப்பு வயர் ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது. காரோடு வந்த வயரே இல்லை. யாரோ தனியாகப் போட்டது. ஃபியூஸ் கிடையாது. நடுநடுவே ஆஸ்பத்திரியில் கட்டுக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அது இன்ஜின் பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக உள்ளே போய், டேஷ்போர்டுக்குப் பின்னால் இடது பக்கமாக எங்கோ மறைந்தது.

எங்கே போய் முடிகிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. உள்ளே கையை விட்டு, எட்டிய இடத்தில் கட்டரால் 'நறுக்' என்று வெட்டினேன். மீட்டரைப் பார்த்தேன். எண் சரசரவென்று இறங்கி, கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் நின்றது.

"கெடச்சிருச்சு!" என்று கத்தினேன். "ப்பா! கெடச்சிருச்சுப்பா! ஒங்க காடி பொழச்சிருச்சு!"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். என் கையில் தொங்கிய சிவப்பு வயரைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். எனக்கு டீ போடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். டீ வரவில்லை.

அதற்குப் பிறகு கார் ராஜா மாதிரி ஸ்டார்ட் ஆனது. நாலு நாள் விட்டுப் பார்த்தேன், ஏழு நாள் விட்டுப் பார்த்தேன், ஒரே திருகு. அக்கா இரும்புக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னாள். அப்பா மட்டும் சாயங்காலம் காருக்குள் போய் உட்காருவதை நிறுத்திவிட்டார். ஹாலில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், அது போடாமலே இருக்கும். ராத்திரி தோசை மூன்று சாப்பிடுபவர் ஒன்றோடு எழுந்தார். என் மனைவிகூட, "மாமாவுக்கு ஒடம்புக்கு ஏதும் இருக்குமோ?" என்றாள். "காடி சரியாயிருச்சுல்ல, இனிமே செக் பண்ண என்ன இருக்கு? அதான் போகல," என்று விளக்கம் கொடுத்தேன். என் அறிவை நினைத்தால் எனக்கே இப்போது பயமாக இருக்கிறது.

திதியன்று பூசாரி வந்தார், படையல் போட்டோம், காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கை வரவில்லை, நாலு மைனா வந்து தின்றுவிட்டுப் போயின. கார் கழுவித் துடைத்து ரோட்டோரம் பளபளவென்று நின்றது. போர்ச்சில் பந்தி. வடை பாயசத்தோடு சாப்பிட்டு முடித்து, நாற்காலிகளைப் பின்னால் சாய்த்து எல்லாரும் ஆசுவாசமாக உட்கார்ந்திருந்தார்கள். குணா அண்ணனும் வந்திருந்தார்.

"காடிய முரளிதான் சரி பண்ணானாம்ல?" என்றார் சித்தப்பா.

அவ்வளவு போதாதா எனக்கு? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். உள்ளே ஓடிப் போய் அந்தச் சிவப்பு வயரை எடுத்து வந்தேன். ஆமாம், பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தேன், வேட்டைக்காரன் புலிப்பல்லை வைத்திருப்பது மாதிரி. எல்லாருக்கும் நடுவில் நின்று அதைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க சித்தப்பா, இதுதான் ஆளு! ஒரு வருஷமா பேட்டரியக் குடிச்சது இதான். நேரா பேட்டரியில மாட்டியிருக்கான். ஃபியூஸ் இல்ல. சுவிட்ச் இல்ல. காடி எரிஞ்சே போயிருக்கும்! அதுக்கு மேல பாருங்க, வயருல ஒட்டியிருக்கறது புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்டர்!" எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குக் கள் மாதிரி ஏறியது. "எந்த முண்டம் இந்த வேலயச் செஞ்சான்னு தெரியல. மண்டையில ஒண்ணும் இல்லாதவன். கரண்டு எதுக்குப் போனாலும் அத அணைக்கறதுக்கு ஒரு சுவிட்ச் வேணும்னுகூடத் தெரியாத ஜென்மம்! இவனையெல்லாம்..."

"நாந்தான்."

அப்பா. ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நாந்தான் போட்டேன். சுவிட்ச் வெச்சா அவளால தேட முடியாது. கண்ணு சரியாத் தெரியாதில்ல."

சித்தப்பா வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது. நான் அந்த வயரைத் தூக்கிப் பிடித்த கையை இறக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன்.

அப்பா யாருக்கோ கணக்கு ஒப்பிப்பவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "டயாலிசிஸ் முடிஞ்சு வெளிய வர்றப்ப ஏழு ஏழரை ஆயிரும். அவளுக்குப் பசிக்கும். சூலியா தெருவுல ஓரமா நிறுத்திட்டு ரொட்டி வாங்கப் போவேன். கூட்டமா இருக்கும். இவ தனியா இருட்டுல ஒக்காந்திருப்பா. பயம். மேல இருக்கற லைட்டு எப்பவோ போச்சு. அதான் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள ஒரு பல்பு போட்டேன். தொறந்தா மடியில வெளிச்சம் விழும். என் கை எனக்குத் தெரிஞ்சாப் போதும்னு சொல்லுவா அவ." கிள்ளிய காம்பைக் கீழே போட்டார். "அவ போனதுக்கு அப்பறம் அணைக்க மனசு வரல."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குணா அண்ணன் எழுந்து வந்து, என் கையிலிருந்த வயரை மெல்ல வாங்கிக்கொண்டார். "வாரத்துக்கு மூணு நாள் ஓடுன காடி தம்பி," என்று என் காதருகே சொன்னார். "ஓட ஓட பேட்டரி ஏறிக்கிட்டே இருந்திருக்கும். அந்தப் பல்பு ஒண்ணும் பண்ணியிருக்காது. ஓட்டம் நின்னதுக்கு அப்பறந்தான் எறங்கியிருக்கு."

எப்போது ஆரம்பித்தது என்று அவர் அன்றைக்கே கேட்டார். பதில் எனக்குத் தெரியும். நாள், கிழமை, மணி எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஆனால் அம்மா செத்த நாளையும் ஒரு கார் பேட்டரியையும் சேர்த்து யோசிக்க எனக்குப் புத்தி போகவில்லை.

வேட்டியோடு ரோட்டோரம் போய்க் காரில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டேன். லாக் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. வெண்ணெய் மாதிரித் திறந்தது. உள்ளே அம்மாவின் மூக்குக் கண்ணாடி. ரப்பர் பேண்டு போட்ட பாதி பொட்டலம் அசாம்போய், அந்த உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம். சிறுநீரகக்காரர்கள் அதைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. வீட்டில் அதை ஒளித்து வைப்பதே எங்களுக்கு வேலையாக இருந்தது. அம்மாவுக்கு எப்படி அது கிடைக்கிறது என்று, அம்மா சாகிறவரை அக்கா துப்பறிந்தாள். கூட்டாளி வீட்டுக்குள்ளேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியின் மூலையில், வெள்ளைப் பிளாஸ்டரால் நாலு பக்கமும் ஒட்டிய ஒரு குட்டிப் பல்பு. நான் வெட்டிய வயரின் நுனி அதிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்குத் தொங்கியது.

தினமும் சாயங்காலம் அப்பா எதைச் செக் பண்ணினார் என்று அப்போது புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆண்பிள்ளை, நடுத்தெருவில், மூக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுதேன்.

வலது பக்கக் கதவு திறந்தது. அப்பா ஏறி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பெட்டியையும் பார்க்கவில்லை, நேராக ரோட்டைப் பார்த்தார்.

"ப்பா, எனக்குத் தெரியாதுப்பா. மன்னிச்சிருங்கப்பா."

"நீ என்னய்யா பண்ணுவ. நாந்தான் கேட்டப்ப இல்லன்னேன்."

"அஞ்சு நிமிஷ வேலப்பா. இப்பவே மாட்டிடறேன். ஒரு ஃபியூஸ் வெச்சு, கரண்டு கம்மியா இழுக்கற பல்பா போட்டுட்டா பேட்டரியும் எறங்காது, எத்தன நாள் வேணும்னாலும்..." (அழுதுகொண்டேயும் டெக்னீஷியன்தான் நான்.)

"வேணாம்."

"இல்லப்பா, ஒரு நிமிஷம்..."

"வேணாம்யா. பதினோரு நாளாச்சு." அவர் என் பக்கமாகக் குனிந்து, அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே மூடினார். "இருட்டு பழகியிருக்கும் அவளுக்கு."

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வாசலில் நின்று, டீ ஆறிப் போகிறது என்று கூப்பிட்டாள். போனோம்.

இப்போது எங்கள் வீட்டில் எது பழுதானாலும், "முரளி மாமாகிட்ட மட்டும் குடுத்திராதீங்க, சரி பண்ணிருவாரு!" என்று அக்கா பிள்ளைகள் கத்துவார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் அந்தச் சிவப்பு வயர்க் கதையை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றதைச் சித்தப்பா எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

கார் இன்னும் போர்ச்சில்தான் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அப்பா அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். கேட்டைத் தாண்டி எடுப்பதில்லை. போன தீபாவளிக்கு வந்த என் கூட்டாளி ஒருவன் அதை அதிசயமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவ்வளவு பழைய காடி, இன்னும் ஓடுதா?" என்று கேட்டான்.

"பஸ்ட் கிளாஸா ஓடும்," என்றார் அப்பா. "எம் மகன் சரி பண்ணுனது. ஒரே ஸ்டார்ட்டு. போறதுக்குத்தான் எடமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.